மஞ்சள் விளக்கு எரிந்தால்: சிறிய கட்டடத்தின் தீ எச்சரிக்கைப் பேனலைப் பொருத்துவதும் இயக்குவதும்

ஏதாவது ஒரு சிறிய லாட்ஜுக்கோ நர்சிங் ஹோமுக்கோ போய்ப் பாருங்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் சிவப்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மேசையில் இருப்பவரைக் கேட்டால், "அது எப்பவும் அப்படித்தான் சார் எரியும்" என்பார். பெட்டிக்குள்ளிருக்கும் பஸ்ஸரின் வயரை யாரோ எப்போதோ கழற்றி விட்டிருப்பார்கள்.

அந்தப் பெட்டியை வாங்கியதும், மாட்டியதும், சான்றிதழ் பெற்றதும் வீண்தான். பேனல் பழுதாகி ஊமையாவது அபூர்வம். தொல்லை தாங்காமல் மனிதர்கள்தான் அதன் வாயை அடைக்கிறார்கள். காரணமில்லாமல் நாலு முறை அலறிய மணியை ஐந்தாம் முறை யாரும் நம்புவதில்லை. "புலி வருது" கதைதான். ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே நோக்கம்: இந்தப் பேனலை ஊமையாக்க யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கக் கூடாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கட்டடத்தை வைத்துக்கொள்வோம். கோயில் ஊரில் தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கொண்ட லாட்ஜ். கீழே வரவேற்பும் ஒரு சிறு மெஸ்ஸும். மாடிக்கு எட்டு அறை வீதம் பதினாறு அறைகள். ஒரே படிக்கட்டு. இதற்கு நான்கு ஸோன் கொண்ட கன்வென்ஷனல் பேனல் போதும்.

பேனல் எப்படி வேலை செய்கிறது

ஒவ்வொரு ஸோனும் பேனலிலிருந்து புறப்படும் இரண்டு வயர். அந்த வரிசையில் டிடெக்டர்களும், கையால் அழுத்தும் கால் பாயின்ட்களும் ஒன்றன்பின் ஒன்றாக அமர்கின்றன. வரிசையின் கடைசிக் கருவியில் ஒரு சின்ன ரெசிஸ்டர். தொழிலில் இதை ஈ.ஓ.எல். என்பார்கள். அதன் அளவு பேனலுக்குப் பேனல் மாறும், 4.7 கிலோ ஓம் பரவலாகக் காணப்படுவது.

பேனல் அந்த வயரில் சுமார் 24 வோல்ட் கொடுத்து, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 4.7 கிலோ ஓம் வழியே சுமார் 5 மில்லி ஆம்பியர் ஓடினால் எல்லாம் சீர். டிடெக்டர் புகையை உணர்ந்தாலோ கால் பாயின்ட் அழுத்தப்பட்டாலோ மின்சாரம் பல மடங்கு உயர்கிறது, அது நெருப்பு. மின்சாரமே ஓடவில்லை என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அது பழுது. இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டால் பல பேனல்கள் பழுது எனக் காட்டும். சில மாடல்கள் நெருப்பென்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் பேனல் எந்த ரகம் என்பதைக் கையேட்டில் பார்த்துக் குறித்துவையுங்கள்.

இந்த ரெசிஸ்டர்தான் ஸோனின் உயிர். அதைக் கடைசிக் கருவியில் பொருத்தாமல், வேலை முடிந்தால் போதுமென்று பேனலின் முனையிலேயே திருகிவிட்டால் பச்சை விளக்கு எரியும், கண்காணிப்பு இருக்காது. முழு மாடியின் வயரும் அறுந்து கிடந்தாலும் பேனலுக்குத் தெரியாது. பேனலைக் கையில் வாங்கும் நாளில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஒவ்வொரு ஸோனுக்கும் ஈ.ஓ.எல். எங்கே இருக்கிறது? காட்டுங்கள்."

முதலில் கட்டடத்தை நடந்து பாருங்கள்

டிரில் மெஷினை எடுப்பதற்கு முன் கையில் ஒரு தாளோடு கட்டடம் முழுவதும் நடந்து வாருங்கள். ஸோன் என்பது, மணி அடித்ததும் வாட்ச்மேன் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்கான பதில். அதனால் ஒரு ஸோன் இரண்டு மாடிகளில் பரவக் கூடாது. நம் லாட்ஜில் தரைத்தளம் ஸோன் 1, முதல் மாடி ஸோன் 2, இரண்டாம் மாடி ஸோன் 3. படிக்கட்டு மட்டும் இதற்கு விதிவிலக்கு, அதற்குத் தனியாக ஸோன் 4. படியில் புகை ஏறிவிட்டதா என்பது அந்த நேரத்தில் தெரிந்தே ஆக வேண்டிய செய்தி.

நடக்கும்போதே வெளியேறும் வழியையும் பாருங்கள். படிக்கட்டில் பழைய மெத்தைகள் அடுக்கியிருக்கிறதா? மொட்டை மாடிக் கதவில் பூட்டுத் தொங்குகிறதா? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொன்றது. சமையலறையில் தொடங்கிய தீ கூரைக்குப் பரவியது. இறங்கும் வழி குறுகல். பேனல் தருவது சில நிமிட அவகாசம் மட்டுமே. அந்த நிமிடங்களில் நடந்து போக வழி இல்லாத கட்டடத்தில் மணி அடித்துப் பயனில்லை. வழியைச் சீர்செய்த பிறகே பேனல் வேலையைத் தொடங்குங்கள்.

இந்தியாவில் இந்த வேலைக்கு அடிப்படை ஐ.எஸ். 2189 என்ற தரநிலையும், 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதியும். தீயணைப்புத் துறையின் சான்று தேவைப்படும் கட்டடமாக இருந்தால் வரைபடத்தை முன்னதாகவே காட்டி ஒப்புதல் பெறுங்கள். மாட்டிய பிறகு இடம் மாற்றுவது இரட்டைச் செலவு.

எந்த இடத்துக்கு எந்த டிடெக்டர்

தட்டையான கூரையில், அறையின் எந்தப் புள்ளியிலிருந்தும் 7.5 மீட்டருக்குள் ஒரு புகை டிடெக்டர் இருக்க வேண்டும். வெப்ப டிடெக்டர் என்றால் 5.3 மீட்டர். 20 மீட்டர் நீள நடைபாதைக்கு இரண்டு புகை டிடெக்டர் சரி. அறைக்கு ஒன்று. சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். மூலைக்குப் புகை சரியாகப் போய்ச் சேராமல் இருக்கலாம். ஏ.சி. காற்று வரும் வாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளுங்கள்.

அளவு இவ்வளவுதான். நிஜமான வேலை, பொய் மணி எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே யோசிப்பது. நம் ஊரில் பொய் மணிக்கு நம் ஊர்க் காரணங்கள் உண்டு:

* மெஸ் சமையலறையில் தாளிப்பும் இட்லி ஆவியும். இங்கே புகை டிடெக்டர் கூடவே கூடாது. வெப்ப டிடெக்டர் போடுங்கள். அதிலும் வெப்பம் வேகமாக ஏறுவதை உணரும் வகை வேண்டாம். குறித்த வெப்பநிலையைத் தொட்டால் மட்டும் இயங்கும் வகை வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல் சற்று விலக்கி வையுங்கள்.
* வரவேற்பில் சாமி படம். மாலையில் சாம்பிராணி போடுவார்கள், கற்பூரம் காட்டுவார்கள். புகை டிடெக்டரைப் படத்திலிருந்து எட்ட வையுங்கள், அல்லது அங்கும் வெப்ப வகையைப் போடுங்கள். சாம்பிராணியை நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்த மாட்டார்கள், பேனலைத்தான் நிறுத்துவார்கள்.
* குளியலறைக் கதவு. வெந்நீர் ஆவி கதவு திறந்ததும் மேலே எழும். டிடெக்டர் கட்டில் பக்கமாக இருக்கட்டும்.
* பூச்சி. ஆப்டிகல் டிடெக்டரின் இருட்டறைக்குள் எறும்போ சின்ன வண்டோ புகுந்தால் அதற்கு அதுவும் புகைதான். மேலே கான்டியூட் பைப் நுழையும் ஓட்டையை அடைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.
* தெருவில் அடிக்கும் கொசு மருந்துப் புகை. இதற்குக் கருவி கிடையாது. வண்டி வரும் சத்தம் கேட்டதும் தெருப்பக்க ஜன்னல்களைச் சாத்துவது பணியாளரின் பழக்கமாக வேண்டும்.

கால் பாயின்ட்கள் தரையிலிருந்து சுமார் 1.4 மீட்டர் உயரத்தில், ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்குத் திரும்பும் இடத்திலும் வாசலிலும் இருக்க வேண்டும். தப்பி ஓடுகிறவர் ஓடும் வழியிலேயே அழுத்திவிட்டுப் போக வேண்டும். அழுத்துவதற்காகத் திரும்பி வரக் கூடாது.

ஒலி தலையணை வரை போக வேண்டும்

லாட்ஜில் ஆட்கள் தூங்குகிறார்கள். தூங்குகிறவரை எழுப்பக் கட்டிலின் தலைமாட்டில் 75 டெசிபல் தேவை. மற்ற இடங்களில் 65 டெசிபல், அல்லது அங்கு வழக்கமாக இருக்கும் சத்தத்தைவிட 5 டெசிபல் கூடுதல். இரண்டில் எது அதிகமோ அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடைபாதை நடுவில் ஒரு ஹூட்டர், அதாவது அலறும் ஒலிப்பான். ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88, 8 மீட்டரில் 82. எட்டு மீட்டர் தள்ளி உள்ள அறைக் கதவு சாத்தியிருக்கிறது. சாதாரண மரக்கதவே 20 டெசிபலை விழுங்கும். மிஞ்சுவது 62. உள்ளே மின்விசிறி ஓட, அசந்து தூங்குகிறவர் காதில் அது ஏறாது.

ஆகவே மாடிக்கு ஒரு ஹூட்டர் என்ற வழக்கத்தை லாட்ஜிலும் விடுதியிலும் நம்பாதீர்கள். டிடெக்டரின் பேஸோடு சேர்ந்தே வரும் ஒலிப்பானை அறைக்கு ஒன்றாகப் போடுங்கள். முடிந்ததும் கதவைச் சாத்தி, தலையணையில் டெசிபல் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். சுவரும் தளமும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் கணக்கும் நிஜமும் கொஞ்சம் விலகும், அளந்ததே உண்மை.

பேனலுக்கு இடமும் மின்சாரமும்

இடம்: தரைத்தளம், வாசல் அருகில், இரவிலும் ஆள் இருக்கும் இடம். பூட்டிய அறைக்குள் வேண்டாம். விளக்குகள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே கட்டடத்தின் வரைபடம், எந்த ஸோன் எந்தப் பகுதி என்று தமிழில் பெரிய எழுத்தில். "ஸோன் 3" என்று மட்டும் எழுதினால் போதாது; "ஸோன் 3: இரண்டாம் மாடி, அறை 201 முதல் 208" என்று எழுதுங்கள்.

மின்சாரம்: மெயின் டி.பி.யிலிருந்து பேனலுக்கென்றே தனி எம்.சி.பி. வேறு எந்தப் பிளக்கும் விளக்கும் அதில் சேரக் கூடாது. அதன்மேல் சிவப்பில் "தீ எச்சரிக்கை, அணைக்காதீர்" என்று ஒட்டுங்கள். மூன்று முள் பிளக்கில் பேனலை மாட்டினால், என்றோ ஒரு நாள் யாரோ மொபைல் சார்ஜருக்காக அதைப் பிடுங்குவார்கள்.

பேட்டரி: 12 வோல்ட் சீல்டு பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட். மின்சாரம் போன பிறகு 24 மணி நேரம் சும்மா காத்திருக்கவும், அதற்கு மேல் அரை மணி நேரம் மணி அடிக்கவும் அதில் சக்தி மிஞ்ச வேண்டும். நம் லாட்ஜில் பேனலும் டிடெக்டர்களும் சேர்ந்து சாதாரண நிலையில் 0.12 ஆம்பியர், மணி அடிக்கும்போது 0.8 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம்.

* காத்திருப்பு: 0.12 × 24 = 2.88
* மணி: 0.8 × 0.5 = 0.40
* கூட்டினால் 3.28 ஆம்பியர் மணி
* பேட்டரி கிழடாவதற்காக 25 சதவீதம் சேர்த்தால் 4.1

சந்தையில் எளிதாகக் கிடைக்கும் 7 ஆம்பியர் மணி பேட்டரி தாராளம். ஆனால் புயல் அடித்தால் இரண்டு நாள் மின்சாரம் வராத கடலோர ஊர் என்றால் 48 மணி நேரத்துக்குக் கணக்கிடுங்கள். 5.76 உடன் 0.40 சேர்த்து 6.16, கூடுதலும் சேர்த்தால் 7.7. இப்போது 7 போதாது. அடுத்த அளவுக்குப் போக வேண்டும். பேனலின் சார்ஜர் அந்த அளவைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

வெயிலில் கொதிக்கும் சுவரில் பேனலை மாட்டாதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வாங்கிய தேதியைப் பேட்டரியின் மேலேயே எழுதுங்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்; பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

வயரிங்

1.5 சதுர மி.மீ. செம்பு வயர், தீப்பிடித்தாலும் புகை குறைவாக விடும் எஃப்.ஆர்.எல்.எஸ். வகை, தனிக் கான்டியூட்டில். 230 வோல்ட் வயரோடு ஒரே பைப்பில் போடாதீர்கள். பைப்பில் ஆங்காங்கே சிவப்பு அடையாளம் வையுங்கள். பின்னாளில் கேபிள் டி.வி.க்காரர் வந்து தெரியாமல் வெட்டாமல் இருக்க அதுதான் காவல்.

இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு கிளை எடுப்பது. விளக்குக்கு எடுப்பதுபோல வழியில் ஓரிடத்தில் பிரித்து இன்னோர் அறைக்கு வயர் இழுத்தால் டிடெக்டர் வேலை செய்யும். ஆனால் ரெசிஸ்டர் வேறொரு முனையில் இருப்பதால் அந்தக் கிளை அறுந்தாலும் பேனலுக்குத் தெரியாது. மாலையில் பூ கோப்பதுபோல வயர் ஒரு டிடெக்டருக்குள் போய் வெளியே வந்து அடுத்ததற்குப் போக வேண்டும். வரும் வயருக்கும் போகும் வயருக்கும் பேஸில் தனித்தனித் திருகு உண்டு. இரண்டையும் முறுக்கி ஒரே திருகில் சொருகினால், டிடெக்டரைக் கழற்றிக்கொண்டு போனால்கூடப் பேனல் வாய் திறக்காது.

ஹூட்டர் வயரிங்கில் பிளஸ், மைனஸ் கவனம். சாதாரண நேரத்தில் பேனல் துருவத்தைத் திருப்பி வைத்து வயரைக் கண்காணிக்கிறது. மாற்றி இணைத்த ஹூட்டர் நெருப்பு நேரத்தில் சத்தம் போடாது.

வயர் இழுத்து முடித்ததும் மெக்கரால் இன்சுலேஷன் பார்ப்பது நல்லது. ஆனால் பேனலும் டிடெக்டர்களும் ஒலிப்பான்களும் மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மெக்கர் கொடுக்கும் 500 வோல்ட் அவற்றின் எலெக்ட்ரானிக்ஸை ஒரே நொடியில் சாகடிக்கும்.

ஒப்படைக்கும் முன்

பச்சை விளக்கு எரிகிறது என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஸோனிலும் இதை வரிசையாகச் செய்யுங்கள்:

1. ஒரு டிடெக்டரைக் கழற்றுங்கள். பழுது காட்ட வேண்டும்.
2. கடைசிக் கருவியில் ஈ.ஓ.எல். ரெசிஸ்டரைக் கழற்றுங்கள். பழுது காட்ட வேண்டும்.
3. சோதனைப் புகை ஸ்ப்ரேயால் ஒவ்வொரு புகை டிடெக்டரையும் இயக்குங்கள். பீடிப் புகையும் ஊதுபத்தியும் வேண்டாம். உள்ளே பிசுக்கு படிந்து அதுவே நாளைய பொய் மணியாகும்.
4. ஒவ்வொரு கால் பாயின்ட்டையும் சோதனைச் சாவியால் இயக்குங்கள்.
5. ஒரு ஹூட்டர் வயரைக் கழற்றுங்கள். பழுது காட்ட வேண்டும்.
6. மெயின் எம்.சி.பி.யை அணைத்து, பேட்டரியில் மட்டும் மணியை அரை மணி நேரம் அடிக்க விடுங்கள்.
7. பேட்டரி வயரைக் கழற்றி, அதைப் பேனல் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள்.

மணி அடித்தால்

இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பேனல் அருகே மாட்டுங்கள்:

1. எந்த ஸோன் என்று பார். சைலன்ஸ் பட்டனைத் தொடாதே.
2. ஒருவர் அந்த மாடிக்கு ஓடிப் பார்க்கட்டும். இன்னொருவர் பேனல் அருகிலேயே நிற்கட்டும்.
3. புகையோ தீயோ தெரிந்தால், அல்லது சந்தேகம் என்றால்கூட, எல்லாரையும் வெளியேற்று. 101 அல்லது 112ஐ அழை.
4. காரணம் தெரிந்த பிறகே சைலன்ஸ். எல்லாம் சரியான பிறகே ரீசெட்.

சைலன்ஸும் ரீசெட்டும் வேறு வேறு. சைலன்ஸ் ஒலியை மட்டும் நிறுத்தும். சிவப்பு விளக்கு எரியும். இன்னொரு ஸோனிலும் நெருப்பு தெரிந்தால் மணி மறுபடி அடிக்கும். ரீசெட் எல்லா நினைவையும் அழிக்கும்.

கன்வென்ஷனல் பேனல் ஸோனை மட்டும்தான் சொல்லும், டிடெக்டரைச் சொல்லாது. எந்த டிடெக்டர் கூப்பிட்டது என்பதற்கு ஒரே சாட்சி, அதன் வயிற்றில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு. ரீசெட்டை அழுத்தியதும் அந்த விளக்கு அணைந்துவிடும். பதறி ரீசெட் செய்தால், பொய் மணி எந்த அறையிலிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். அடுத்த வாரம் அதே மணி அடிக்கும். மூன்றாம் முறை பஸ்ஸர் வயர் கழன்றிருக்கும். ஆகவே, போய்ப் பார்த்து அறை எண்ணைப் பதிவேட்டில் எழுதிய பிறகே ரீசெட்.

ரீசெட் ஆகவில்லை என்றால் டிடெக்டருக்குள் இன்னும் புகை இருக்கிறது, அல்லது கால் பாயின்ட் இன்னும் அழுந்தியே இருக்கிறது. கால் பாயின்ட்டை முதலில் சாவியால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

மஞ்சள் விளக்கு எரிந்தால்

பழுது விளக்கை ஒரு நாளுக்கு மேல் எரிய விடக் கூடாது. தேடும் முறை கடினமல்ல.

ஸோன் பழுது: அந்த ஸோனின் வயரைப் பேனலில் கழற்றிவிட்டு, உபரி ஈ.ஓ.எல். ஒன்றை அதே முனையில் திருகுங்கள். பழுது போனால் பேனல் சரி, குறை வெளியே. வயரை மீண்டும் இணைத்து, அதே ரெசிஸ்டரை வரிசையின் நடுவில் உள்ள டிடெக்டர் பேஸுக்குக் கொண்டுபோய், அப்பால் போகும் வயரைக் கழற்றிவிட்டு அங்கே திருகுங்கள். பழுது போய்விட்டால் குறை பின்பாதியில், போகாவிட்டால் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் பத்து டிடெக்டர் வரிசையில் மூன்று நான்கு தடவையில் இடம் பிடிபடும். தேடி முடித்ததும் உபரி ரெசிஸ்டரை எடுத்துவிட மறக்காதீர்கள்.

எர்த் பழுது: வயர் எங்கோ ஈரச் சுவரையோ இரும்புப் பைப்பையோ தொடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அதிகம். ஸோன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் விளக்கு அணைகிறதோ அதில்தான் குறை. பெரும்பாலும் மொட்டை மாடிக்கு அடுத்த ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் நிற்கும்.

பேட்டரி பழுது: இரண்டு பேட்டரிகளின் மொத்த வோல்டேஜ் சார்ஜ் ஆகும்போது சுமார் 27 முதல் 27.6 வரை இருக்க வேண்டும். மெயினை அணைத்ததும் மளமளவென்று சரிந்தால் பேட்டரி முடிந்தது.

பெயின்ட் வேலை, தச்சு வேலை நடந்தால் தூசியில் பொய் மணி வரும். அதற்காக ஸோனையே அணைத்தால் முழு மாடியும் காவலின்றிப் போகிறது. வேலை நடக்கும் அறையின் டிடெக்டருக்கு மட்டும் மூடி போடுங்கள். ஸோனை அணைத்தே ஆக வேண்டும் என்றால் அணைத்தவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் ஏறட்டும். அன்று மாலையே அவர் கையால் மீண்டும் இயங்கட்டும்.

வாரமும் மாதமும் ஆண்டும்

வாரம் ஒரு முறை, குறித்த நேரத்தில், விருந்தினர்களுக்குச் சொல்லிவிட்டு ஒரு கால் பாயின்ட்டை இயக்குங்கள். அடுத்த வாரம் அடுத்தது. மாதம் ஒரு முறை மெயினை அணைத்துப் பேட்டரியில் மணி அடித்துப் பாருங்கள். ஆண்டுக்குள் எல்லா டிடெக்டரையும் சுத்தம் செய்து சோதித்திருக்க வேண்டும். செலவு பெரிதல்ல, பதிவேட்டில் ஒரு வரி எழுதும் ஒழுங்குதான் பெரிது.

கடைசியாக, ஒப்படைக்கும் நாளில் முதலாளியோடு மட்டும் பேசிவிட்டுக் கிளம்பாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அந்தப் பெட்டி அருகே இருக்கப்போவது வாட்ச்மேன் அண்ணன். அவரைக் கூப்பிடுங்கள். கால் பாயின்ட்டை அவர் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள். மணி அலறட்டும். எந்த மாடி என்று அவர் படித்துச் சொல்லட்டும், படியேறிப் போய் அழுத்திய கால் பாயின்ட்டைக் காட்டி, சாவியால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும், இறங்கி வந்து ரீசெட் செய்யட்டும். பிறகு ஒரு டிடெக்டரைக் கழற்றி மஞ்சள் விளக்கை எரியவிட்டு, "இது எரிஞ்சா என்ன செய்வீங்க அண்ணே?" என்று கேளுங்கள். "உடனே உங்களுக்குப் போன் பண்ணுவேன் தம்பி" என்று அவர் சொன்னால், உங்கள் எண்ணைப் பேனல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்பலாம்.